ஈயச்சட்டியின் மூக்கடைப்பு: கம்பியால் குத்துவது வைத்தியமா?

உலோகவியல் படிக்கிறவன் எழுதும் பக்கத்தில் சினிமாவும் கிரிக்கெட்டும் மட்டும் வந்தால் எப்படி? இந்த முறை கொஞ்சம் உலோகம். தலைப்பைப் பார்த்து யாரும் ஓட வேண்டாம். விஷயம் ஒரு சின்னச் சட்டியைப் பற்றியது. ஆனால் அதில் இயற்பியல், வேதியியல், சோம்பேறித்தனம், குழந்தைகளின் உடல்நலம் எல்லாம் கலந்திருக்கிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழில் 'ஈயம்' என்று பொதுவாகச் சொன்னால் இரண்டு உலோகங்களில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். பாட்டி ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயம்தான். தூண்டில் குண்டு, பேட்டரித் தகடு, பழைய அச்செழுத்து இவற்றில் பெரும்பங்கு காரீயம். முன்னது சமையலறைக்கு வரலாம், பின்னது வாசற்படியைக்கூடத் தாண்டக் கூடாது. இந்தப் பதிவில் ஈயம் என்று வரும் இடமெல்லாம் காரீயம் என்றே படியுங்கள்.

நான் படிக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் தடுக்கி விழுந்தால் ஏரி. ஏரிக்கரையில் பாதி ஊர் தூண்டிலோடு நிற்கும். 'ஜிக்' என்று ஒன்று வைத்திருப்பார்கள், தலையில் ஈயம் வார்த்த தூண்டில் முள். கடையில் வாங்குவதற்குப் பதில் வீட்டு கராஜில் தாங்களே வார்த்துக்கொள்பவர்கள் நிறைய. துப்பாக்கி ரவை வார்ப்பவர்கள் அதைவிட அதிகம். இரு கூட்டத்தாரிடமும் இருக்கும் கருவி ஒன்றுதான். மின்சாரத்தில் சூடாகும், அடியில் ஓட்டை வைத்த, 10 பவுண்டோ 20 பவுண்டோ ஈயம் பிடிக்கும் ஒரு சட்டி. நெம்புகோலைத் தூக்கினால் உள்ளே நிற்கும் வால்வு கம்பி மேலெழும், அடிமூக்கு வழியே உருகிய ஈயம் அச்சுக்குள் இறங்கும். விட்டால் கம்பியின் கூம்பு முனை ஓட்டையில் போய் உட்கார்ந்து அடைத்துவிடும். அவ்வளவுதான் இயந்திரம். சொல்லப்போனால் நம்மூர்த் தண்ணீர்த் தொட்டியின் அடைப்பானை விட இதில் பெரிய சூட்சுமம் கிடையாது.

ஆனால் இந்தச் சட்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இரண்டே புலம்பல். ஒன்று, 'சொட்டிக்கொண்டே இருக்கிறது'. இரண்டு, 'அடைத்துக்கொண்டது'. அமெரிக்கர்கள் இதற்கு 'ட்ரிப்-ஓ-மேட்டிக்' என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். பிறகு வழக்கம்போலச் சண்டை. ஒரு கட்சி, "விலை குறைந்த சட்டி வாங்கினால் அப்படித்தான்" என்கிறது. இன்னொரு கட்சி, "கரண்டியால் மொண்டு ஊற்று, தொல்லை விட்டது" என்கிறது. மூன்றாவது கட்சி ஒன்றும் பேசாமல் ஒரு கம்பியை வளைத்துக் கீழிருந்து மூக்குக்குள் குத்திக்கொண்டிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று கட்சியுமே தவறு. அடைப்பு சட்டியின் குணம் அல்ல, ஒரே சட்டியில் இரண்டு வேலை பார்ப்பதன் விளைவு. அதைவிட முக்கியமானது, அடைப்பு எடுப்பதைக் கைவேலைத் தொல்லையாக மட்டும் நினைக்கிறார்கள். அந்த கராஜில் நடக்கும் எல்லா வேலைகளிலும் வீட்டுக்குள் அதிக விஷத்தைக் கொண்டுவரக்கூடியது அந்தத் துப்புரவு வேலைதான்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

மிதக்கும் குப்பை அடிக்கு எப்படிப் போனது?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. உருகிய ஈயத்தின் அடர்த்தி ஏறக்குறைய 10.6. ஈய ஆக்சைடு 9.5. துரு 5 சொச்சம், மணல் 2.6, சாம்பல் அதற்கும் கீழே. ஆக அழுக்கு எதுவானாலும் மிதந்தாக வேண்டும். நெய் காய்ச்சும்போது கசடு அடியில் தங்கும். ஈயத்தில் தலைகீழ், கசடு மேலே வரும். அடியில் ஓட்டை வைத்ததன் நியாயமே அதுதான். மேலே ஆடை மிதக்கட்டும், அடியிலிருந்து சுத்தமான உலோகம் மட்டும் வரட்டும் என்று. இந்த யோசனை புதிதும் அல்ல. 1886-ல் நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில் வேலைக்கு வந்த மெர்கந்தாலரின் லைனோடைப் இயந்திரமும் உருகிய ஈயத்தை மேற்பரப்புக்குக் கீழேயிருந்துதான் எடுத்தது.

அப்புறம் எப்படி மூக்கில் மணலும் துருவும் மாட்டுகிறது?

விடை, நாம் சட்டியைக் கடைசிச் சொட்டு வரை காலி செய்வதில் இருக்கிறது. ஊற்ற ஊற்ற மட்டம் இறங்குகிறது. மேலே மிதந்த கசடும் கூடவே இறங்குகிறது. போகிற வழியில் சுவரில் ஒட்டுகிறது, கடைசியில் அடித்தளத்தில் படுக்கிறது. அதன் மேல் புதிய ஈயத்தைப் போட்டு உருக்குகிறோம். அப்போதாவது மிதந்து மேலே வர வேண்டாமா? வராது. ஒரு பொருள் மிதக்க வேண்டுமென்றால் அதன் அடியில் திரவம் நுழைந்து மேல்நோக்கித் தள்ள வேண்டும். இரும்போடு ஒட்டிக்கிடக்கும் துகளுக்கும் தரைக்கும் இடையில் ஈயம் நுழைவதில்லை. தரையில் அழுத்தி ஒட்டிய ரப்பர்க் கிண்ணம் தண்ணீருக்கடியில் அப்படியே கிடப்பது போல இதுவும் கிடக்கும். மேலே இருக்கும் ஈயத்தின் எடை அதை இன்னும் அழுத்தும். 10 சென்டிமீட்டர் ஆழ ஈயம் கொடுக்கும் அழுத்தம் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம்.

அப்படிக் கிடக்கும் துகள் ஒருநாள் கலக்கும்போதோ, கம்பி அசையும்போதோ பெயரும். பக்கத்திலேயே வால்வு இருக்கை. அதில் உட்காரும். சின்னத் துகள் கூம்புக்கும் இருக்கைக்கும் இடையில் மாட்டினால் வால்வு முழுதாக மூடாது, சொட்டும். பெரிய துகள் ஓட்டைக்குள் மாட்டினால் ஓட்டம் குறையும் அல்லது நிற்கும். அதாவது 'சொட்டுகிறது', 'அடைக்கிறது' என்ற இரண்டு எதிரெதிர்ப் புகாருக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே.

ஒரே சட்டி, இரண்டு வேலை

இந்தக் குப்பை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பழைய ஈயத்தை நேராக இந்தச் சட்டியிலேயே போட்டு உருக்குவதால். கார் சக்கரத்தில் சமநிலைக்கு வைக்கும் எடைகள், கூரைத் தகடு, பழைய குழாய் எல்லாம் மண், எண்ணெய், இரும்புக் கிளிப், பெயின்ட் சகிதம் வரும். அவற்றைக் காய்ச்சிச் சுத்தமான கட்டியாக்குவது ஒரு வேலை. சுத்தமான கட்டியை உருக்கி அச்சில் வார்ப்பது வேறு வேலை. முன்னதற்குத் தேவை ஓட்டையே இல்லாத ஓர் இரும்புச் சட்டி, ஒரு கரண்டி, திறந்தவெளியில் ஒரு காஸ் அடுப்பு. அதில் மரத்தூளோ தேன்மெழுகோ போட்டுக் கலக்கலாம். அதிலுள்ள கரி, ஆக்சைடாகிப்போன வெள்ளீயத்தில் ஒரு பங்கைத் திரும்ப உலோகமாக்கும். அழுக்கை மேலே திரட்டும். வழித்து எடுக்கலாம். எத்தனை கசடு வந்தாலும் அடைக்க அங்கே மூக்கு கிடையாது.

இதையே அடிவழிச் சட்டியில் செய்தால்? மரத்தூளைப் போட்டுக் கலக்கும்போது கரித்துகளையும் சாம்பலையும் நம் கையாலேயே அடிக்குத் தள்ளுகிறோம். வெண்காரம் கலந்த ஃப்ளக்ஸ் போட்டால் அது கண்ணாடி போலச் சுவரில் ஒட்டும். போதாததற்குக் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும்.

துத்தநாகத் தொல்லை வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2005-லும் கலிஃபோர்னியா 2010-லும் ஈயச் சக்கர எடைகளைத் தடைசெய்ததால், பழைய எடைகளை வாளியோடு வாங்கினால் துத்தநாகமும் எஃகும் கலந்தே வருகின்றன. துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகும், ஈயம் 327-ல். காய்ச்சும் சட்டியில் தெர்மாமீட்டர் வைத்து 370-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், பொறுக்கிப் போட்டுவிடலாம். சூடு தெரியாமல் ஏற்றிவிட்டால் கரைந்து கலந்து கஞ்சி போலாகிவிடும். அந்தக் கஞ்சியை மூக்கு வழியாக ஊற்ற நினைப்பவர் பொறுமைக்கு ஒரு கும்பிடு!

ஆகவே விலை உயர்ந்த சட்டி வாங்கச் சொல்பவர்களுக்கு என் பதில் இது. அந்தக் காசில் சின்னப் பங்கில் ஒரு பழைய வார்ப்பிரும்புச் சட்டி வாங்குங்கள். குப்பையைப் போட்டால் தங்க மூக்கும் அடைக்கும். கரண்டிக் கட்சிக்கும் ஒரு வார்த்தை. கரண்டி நல்ல கருவிதான். ஆனால் கரண்டி ஒவ்வொரு முறையும் ஆடையைக் கிழித்துக்கொண்டு போகிறது, புதிய மேற்பரப்பு காற்றில் படுகிறது, கசடு கூடுகிறது. ஒருநாளில் இருபது வார்ப்பவருக்குக் கவலையில்லை, இருநூறு வார்ப்பவருக்குக் கையும் வலிக்கும், உலோகமும் வீணாகும்.

அடைத்தேவிட்டது, இப்போது என்ன செய்ய?

எல்லா அடைப்பும் ஒன்றல்ல. எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் கம்பியைத் தூக்கக் கூடாது.

1. ஆரம்பத்திலேயே ஒன்றும் வரவில்லை என்றால் பெரும்பாலும் அது குப்பையே அல்ல. சட்டிக்குள் உருகிவிட்டது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கில் ஈயம் இன்னும் உறைந்திருக்கிறது. காத்திருங்கள். அவசரமென்றால் சிறிய காஸ் டார்ச்சால் மூக்கை மட்டும் சூடாக்கலாம். அதற்கு முன்னால் கீழே ஒரு காய்ந்த இரும்புத் தட்டு இருக்கட்டும், திடீரென்று திறந்துகொள்ளும்.

2. சொட்டுகிறது என்றால் இருக்கையில் துகள். பல சட்டிகளில் வால்வு கம்பியின் தலையில் ஒரு வெட்டு இருக்கும், ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திருப்புவதற்காகவே. சூடாக இருக்கும்போது அழுத்தி இரண்டு மூன்று முறை அரைவட்டம் திருப்பினால் துகள் நசுங்கிப் போகும். பிறகு தட்டின் மேல் ஒருமுறை முழுதாகத் திறந்து மூடினால் அடித்துக்கொண்டு போய்விடும்.

3. ஓட்டம் மெலிந்து கோணலாக வந்தால் முதலில் சட்டியில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். டாரிசெல்லி விதிப்படி ஓட்டத்தின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 10 சென்டிமீட்டர் ஆழம் 2.5 ஆனால் வேகம் பாதியாகும். அது அடைப்பல்ல, இயற்பியல். சட்டி நிறைய இருந்தும் மெலிந்தால்தான் ஓட்டையில் குப்பை.

4. அப்போதுதான் கம்பி. இடுக்கியால் பிடித்த, 'ட' போல வளைத்த மெல்லிய எஃகுக் கம்பி. தோல் கையுறை, முகக்கவசம், முழுக்கை சட்டை, மூடிய ஷூ. கை மூக்குக்கு நேர் கீழே வரவே கூடாது. கம்பியும் உலர்ந்ததாக, சூடேறியதாக இருக்க வேண்டும்.

கம்பி குத்தியதும் ஓட்டம் சரியாகும். எல்லோரும் இங்கே சந்தோஷப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள், அந்தத் துகள் எங்கே போனது? கீழிருந்து குத்தினால் அது மேலே, திரும்பச் சட்டிக்குள்தான் போனது. பத்து நிமிடத்தில் திரும்ப வரும். மூக்கடைப்புக்குத் தைலம் தடவுவது மாதிரி இது. அந்த நேரத்துக்குச் சுகம், சளி அப்படியே இருக்கும்.

நான்காவது முறையும் குத்த வேண்டி வந்தால் வார்ப்பதை நிறுத்த வேண்டிய நேரம். ஈயத்தைக் கட்டிகளாக ஊற்றிக் காலி செய்யுங்கள். மின்செருகியைப் பிடுங்கி முழுதாக ஆறவிடுங்கள். வால்வு கம்பியைக் கழற்றிச் சுவரையும் தரையையும் சுரண்டுங்கள். கம்பி முனையும் இருக்கையும் கீறல் விழுந்திருந்தால், மெக்கானிக்குகள் எஞ்சின் வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்ட்டைக் கொஞ்சம் தடவிக் கையால் திருப்பித் திருப்பி உட்கார வையுங்கள். பேஸ்ட் ஒரு துளி மிச்சமில்லாமல் துடைத்துவிடுங்கள், அதுவே அடுத்த அடைப்புக்கு விதையாகிவிடக் கூடாது.

பிறகு பழக்கங்கள். சுத்தமான கட்டி மட்டும் போடுவது. மேலாடையை மட்டும் அவ்வப்போது வழிப்பது. கால்வாசி மிச்சம் இருக்கும்போதே ஊற்றுவதை நிறுத்துவது. வேலை முடிந்ததும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஈயத்தை அடியிலேயே உறையவிடுவது. கடைசியாகச் சொன்னதில் இரண்டு லாபம். மேலாடை தரையைத் தொடுவதில்லை, தரை துருப்பிடிப்பதும் இல்லை. இவ்வளவும் செய்பவருக்கு அந்தக் கம்பி வருடத்துக்கு இரண்டு முறை தேவைப்பட்டால் அதிகம்.

தண்ணீர் பற்றி ஒரு பத்தி

ஆறிய சட்டியில் தண்ணீர் தங்கலாம், கொதிக்கும் ஈயத்தின் கீழ் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1600 மடங்கு விரியும். ஈயத்துக்குக் கீழே அது நடந்தால் சட்டியில் இருப்பதெல்லாம் கூரைக்கும் முகத்துக்கும் போகும். அமெரிக்கர்கள் இதைச் 'சரிகை தேவதை வந்துவிட்டுப் போனாள்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் வெள்ளிச் சரிகை போல எங்கும் ஈயம் தொங்கும் என்பதால். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல என்று நாம் பேச்சுக்குச் சொல்வோமே, அது பேச்சாக மட்டும் இருக்கட்டும். ஈரத் துணியால் துடைத்த சட்டியை வெறுமனே சூடேற்றி ஈரம் முழுதும் போன பின்பே ஈயம் போட வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம்

ஈயம் உருக்குபவர்களிடம் உடல்நலம் பற்றிக் கேட்டால் பெரும்பாலோர் புகையைப் பற்றிப் பேசுவார்கள். "மின்விசிறி போட்டிருக்கிறேன், பயமில்லை." புகையை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை, காற்றோட்டம் அவசியம்தான். ஆனால் ஈயம் கொதிப்பது 1749 டிகிரியில். 370, 400 டிகிரியில் வேலை செய்யும் சட்டியிலிருந்து ஆவியாகிப் போவது மிகக் குறைவு. உண்மையான அபாயம் தூள். மேலே வழித்த அந்தச் சாம்பல் நிற, மஞ்சள் நிறக் கசடு ஈய ஆக்சைடு. மாவு போல மெல்லியது. கட்டி ஈயம் கையில் கொஞ்சம்தான் ஒட்டும், இந்தத் தூள் கையில், சட்டையில், ஷூவின் அடியில், மூச்சில் எல்லாம் போகும்.

இந்தத் தூள் அதிகம் கிளம்புவது எப்போது? வார்க்கும்போது அல்ல. சட்டியைச் சுரண்டும்போது, கம்பி பிரஷ்ஷால் தேய்க்கும்போது, 'உஃப்' என்று ஊதும்போது. அடைப்பு எடுக்கும்போது! லைனோடைப் காலத்திலும் இதே கதைதான். ஈயப் பம்பின் பிஸ்டனைத் தினமும் கழற்றித் தேய்க்க வேண்டும், அந்த வேலையில் பறக்கும் தூள்தான் அச்சகத்தில் பயப்பட வேண்டியதாக இருந்தது.

செனகல் நாட்டில் டக்கார் நகரை ஒட்டிய தியாரோயே-சுர்-மேர் என்ற ஊரில் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் தொழிலிலிருந்து வந்த தூசியும் மண்ணும் காரணம். அது கராஜ் அளவு அல்ல, தெரியும். ஆனால் விஷம் போன பாதை ஒன்றுதான்: தூசி, கை, வாய். குழந்தைகள் தரையில் தவழ்கிறார்கள், கையை வாயில் வைக்கிறார்கள், உள்ளே போன ஈயத்தில் பெரியவர்களைவிட அதிகப் பங்கை உடம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். இந்த அளவு வரை பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய அளவே தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021-ல் குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவை ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு அது.

ஆகவே சட்டியைச் சுத்தம் செய்யும்போது சில கட்டாயங்கள். உலர்வாகத் தேய்க்கக் கூடாது, ஈரத் துணியால்தான். காற்று பீய்ச்சக் கூடாது. வீட்டு வாக்குவம் கிளீனர் கூடவே கூடாது, அது மெல்லிய தூளைப் பின்பக்கம் வழியாக அறை முழுக்கத் தூவும். தூளுக்குப் பொருத்தமான முகமூடி வேண்டும், கைக்குட்டை முகமூடியல்ல. கசடை மூடி போட்ட டப்பாவில் அடைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும், வீட்டுக் குப்பையில் அல்ல. அந்தச் சட்டை வீட்டுத் துணியோடு சேராது. கைகழுவாமல் காபிக் கோப்பையைத் தொடக் கூடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. பேட்டரித் தகட்டை உருக்கவே கூடாது. அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற கொடிய வாயுக்கள் வரக்கூடும்.

"இவ்வளவு கஷ்டம் எதற்கு, ஈயத்தையே விட்டுவிடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரிட்டனில் அன்னப்பறவைகள் ஈயக்குண்டுகளை விழுங்கிச் செத்ததால் 1987-லேயே பெரும்பாலான தூண்டில் ஈயங்களின் விற்பனையைத் தடுத்தார்கள். வெள்ளீயத்திலும் ஜிக் வார்க்கலாம், ஏரிக்கு நல்லது, நான் அந்தப் பக்கம்தான். ஆனால் கோடிக்கணக்கான ஈயம் ஏற்கெனவே கராஜ்களில் இருக்கிறது, சட்டிகளும் இருக்கின்றன. நாளைக் காலை அவற்றை யாரும் தூக்கிப் போடப் போவதில்லை. இருக்கும் வரை ஒழுங்காக வைத்திருக்கச் சொல்வதும் அவசியம்தானே?

எங்கள் தெருவில் ஜிக் வார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் கராஜில் இரண்டு சட்டி. ஒன்று வெளியே கொட்டகையில், கன்னங்கரேல் என்று. இன்னொன்று உள்ளே. 'எத்தனை நாளுக்கு ஒருமுறை அடைக்கும்?' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'போன வருஷமா, அதற்கு முந்தின வருஷமா' என்று மனைவியைக் கேட்டார்! பேரப்பிள்ளைகள் வரும் வாரத்தில் அவர் சட்டியைத் தொடுவதே இல்லை. அவர் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படித்தவர் அல்ல.

சுருக்கமாக என் கட்சி இதுதான். அடைப்பை எடுக்கத் தெரிவது திறமை என்று பலர் நினைக்கிறார்கள். குறைவாக அடைத்தால் குறைவாகச் சுரண்டுவோம், குறைவாகச் சுரண்டினால் குறைவாகத் தூள் பறக்கும், குறைவாகத் தூள் பறந்தால் பக்கத்து அறையில் தூங்கும் குழந்தைக்கு நல்லது. இரண்டாவது சட்டி வாங்கும் அந்தச் சில்லறைக் காசை இந்தக் கணக்கில் எழுதுங்கள்.